தட்டிப் பார்க்கிறவன்

மங்கலம்பேட்டையில் செருப்புக் கடை வைத்திருக்கும் நூர் முகம்மது பாயை எங்கள் குழுவிலிருந்து கழற்றிவிடுவது என்று மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிவு செய்தேன். பாய் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதற்காக ஒருவர் வாசிப்பதை எத்தனை நாள் காது கொடுத்துக் கேட்பது?

குழு என்றால் நாலே பேர். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வயோலா என்பது வயலினுக்கு அண்ணன், ஒரு பிடி பெரிது. செல்லோவைத் தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்க வேண்டும். இந்த நாலும் சேர்ந்து வாசிப்பதற்கென்றே வெள்ளைக்காரர்கள் இருநூறு வருஷத்துக்கு முன்னால் கட்டுக்கட்டாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதை விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், கரண்ட் கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற ஒரு கம்பெனியின் பேக்கிங் ஷெட்டில், வைக்கோலுக்கும் அட்டைப்பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து நாலு பேர் வாசிப்பார்கள் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். நினைத்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டார்கள்.

ஷெட்டு என் கம்பெனியுடையது. என்னுடையது என்றால் நான் வேலை பார்க்கிற கம்பெனி. சூளையிலிருந்து வெந்து இறங்குகிற ஒவ்வொரு உருப்படியையும் மரக்குச்சியால் தட்டி, ஓசையைக் கேட்டு, நல்லது கெட்டது பிரிப்பது என் வேலை. கீறல் இல்லாதது கணீர் என்னும். உள்ளே மயிரிழை கீறல் இருந்தாலும் ஓசை செத்துவிடும். அதன் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துக் கழிவில் போட்டுவிடுவேன். என் பெஞ்சுக்கு இடது பக்கம் பால் மில், அதாவது களிமண்ணையும் கல்லையும் போட்டு உருட்டி அரைக்கிற பெரிய இரும்பு பீப்பாய். இருபத்தெட்டு வருஷமாக அது கடகடவென்று உருண்டுகொண்டிருக்க, நான் உருப்படியை வலது காதோரம் தூக்கிப் பிடித்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒரு உருப்படி திரும்பி வந்ததில்லை. இந்தப் பேட்டையில் கொளஞ்சிநாதன் காது என்றால் முதலாளிகளே எழுந்து நிற்பார்கள்.

தட்டித் தட்டி அதுவே பழக்கமாகிவிட்டது. தேங்காயைத் தட்டுவேன், கதவைத் தட்டுவேன், வாசிக்க உட்கார்ந்தால் வயலினின் முதுகை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டாமல் வில்லை எடுக்க மாட்டேன். என் மனைவி இதை வியாதி என்பாள். அவளுக்கு என்ன தெரியும்.

இளவயதில் நெய்வேலியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பத்து வருஷம் நொட்டேஷன் பார்த்து வாசித்தவன் நான். மற்ற மூன்று பேரின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். நூர் முகம்மது பாய் தோஹாவில் ஒரு ஓட்டலில் டிரைவராக இருந்தவர். அங்கே வரவேற்புக் கூடத்தில் வாசித்த ஒரு பிலிப்பைன்ஸ்காரனிடம் வெள்ளிக்கிழமை தோறும் செல்லோ கற்றுக்கொண்டார். ஊர் திரும்பும்போது எல்லாரும் டிவியும் கம்பளியும் கொண்டுவந்தார்கள், இவர் செல்லோவைக் கொண்டுவந்தார். அவர் வில் இழுப்பதைப் பார்த்தால் கியர் மாற்றுவது தெரியும். இரண்டாவது வயலின் அம்புஜவல்லி அம்மாள், ஸ்ரீமுஷ்ணம் தபால் ஆபீஸில் கிளார்க். சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் படித்தவர். சுத்தமாகத்தான் வாசிப்பார், ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தின் மீதும் தபால் முத்திரை விழும். வயோலா ராஜ்மோகன், நல்லூர்ப் பக்கம் மாட்டு டாக்டர். கொரோனா நாளில் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

இந்த மூன்று பேரையும் வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக முதல் வயலினாக உட்கார்ந்திருக்கிறேன். வலது கோடியில் நான், எனக்கு இடது பக்கம் வரிசையாக அம்புஜவல்லி அம்மாள், ராஜ்மோகன், பாய். என் நாற்காலியில் நான் உட்காராமல் ஒருத்தரும் வில்லைத் தொடக்கூடாது. சுருதி சேர்ப்பதும் என் வழிதான். எத்தனையோ ஆயிரம் உருப்படிகளைத் தட்டி, அவற்றில் சுருதிக்கு அச்சாகப் பொருந்துகிற கிண்ணம் மாதிரி குழிந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறேன். அதை வலது காதோரம் பிடித்துத் தட்டுவேன், வயலினைச் சேர்ப்பேன், மற்றவர்கள் என் வயலினோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ராஜ்மோகன் போனில் ஏதோ ஆப் இருக்கிறதாம், முள் காட்டுமாம். காது இருக்கிறவனுக்கு முள் எதற்கு?

பாய்க்கு மட்டும் ஒரு தடவை தட்டினால் போதாது.

"அண்ணே, அந்தக் கிண்ணத்த இன்னொரு தட்டு தட்டுங்க" என்பார். தட்டுவேன். செல்லோவை மீட்டிப் பார்ப்பார், கிண்ணத்தைப் பார்ப்பார், என் வயலினைப் பார்ப்பார், பிறகு சங்கடத்தோடு முறுக்காணியைத் திருகுவார். வாசிக்கும்போது நடுநடுவேயும் திருகுவார். "சரியா இருக்குதாண்ணே?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். ஐம்பத்தைந்து வயது மனிதருக்குச் சுருதி சேர்க்கத் தெரியவில்லை என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இப்படியே ஓட்டியிருப்பேன். புதுச்சேரி வந்து கெடுத்தது. தொழில்முறை அல்லாதவர்களின் நால்வர் குழுக்களை அழைத்துப் பங்குனிக் கடைசியில் அங்கே ஒரு கச்சேரி. எட்டே குழுக்கள்தான். ஒலிப்பதிவு அனுப்ப வேண்டும், கேட்டுப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நல்ல கூடத்தில், காது உள்ளவர்கள் முன்னால், முதல் நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது. இன்சுலேட்டரைத் தட்டியே போய்ச் சேருவேனோ என்று பயம் இருக்கத்தானே செய்யும்.

போனை நடுவில் வைத்து இரண்டு தடவை பதிவு செய்தோம். இரண்டும் கண்றாவி. கீழே எல்லாம் பரவாயில்லை. நான் மேலே ஏறுகிற இடங்களில் மட்டும் ஒரு பிசிறு. நான் போய் நின்ற பிறகு யாரோ ஒருவர் நொண்டிக்கொண்டே வந்து சேருகிற மாதிரி ஒரு தடுமாற்றம். யார் என்று கேட்க வேண்டுமா என்ன.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் புதுச்சேரியில் பாரி என்று ஒரு செல்லோக்காரருக்குப் போன் செய்தேன். சங்கீதப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவர். போனை நான் எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். இடதில் வைத்தால் எதிராளி மூக்கடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும், நம் ஊர் நெட்வொர்க்கின் யோக்கியதை அப்படி. பாரி ஒப்புக்கொண்டார். இனி பாயை அனுப்புவதுதான் பாக்கி. முகத்துக்கு நேரே போ என்று சொல்ல நான் என்ன கல்லா? அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அதற்கு என்னிடம் வழி இருந்தது.

அடுத்த ஞாயிறு நாலு பேரும் உட்கார்ந்ததும் சொன்னேன்.

"குவியல்ல வச்சுத் தட்டுனா கீறல் தெரியாது. பக்கத்துல இருக்கறது சேந்து கணீர்னு சொல்லி மறைச்சிடும். ஒவ்வொண்ணாத் தூக்கித் தட்டணும். அதனால இன்னிக்கு ஒவ்வொருத்தரும் தனித்தனியா அந்தப் பக்கத்து ரூம்ல போயி, கிண்ணத்தத் தட்டி, சுருதி சேத்து, ஒரே ஸ்கேல மேல போயி கீழ வந்து வாசிக்கிறோம். ராஜ்மோகன் பதிவு பண்ணட்டும். பேரு வேணாம், நம்பர் போட்டாப் போதும். எது கீறலோ அவங்க புதுச்சேரிக்கு வரல. நான்னாலும் சரிதான்."

கடைசி வாக்கியம் நியாயத்துக்காகச் சேர்த்தது.

பாயின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு குற்றவாளியின் முகத்தை அதற்குமேல் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

"வேணாம்ண்ணே" என்றார். "நாம என்ன பரிட்சைக்கா வாசிக்கிறோம்? சேந்தே வாசிச்சு அனுப்பிடலாம். வந்தா வருது, வராட்டிப் போவுது."

"எதுக்கு பாய் பயப்படுறீங்க?"

"பயம்லாம் ஒண்ணும் இல்லண்ணே." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வேணும்னா நான் இந்தத் தடவ வரல. நீங்க மூணு பேரும் வேற யாரையாச்சும் வச்சுட்டுப் போயிட்டு வாங்க. இந்தத் தட்டிப் பாக்குறது மட்டும் வேணாம்."

பழம் நழுவி என் மடியில் விழுந்தாயிற்று, நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்குச் சோதித்து ஒதுக்கித்தான் பழக்கம். தட்டாமல் எதையும் கழிவில் போட்டதில்லை. அதோடு, அவர் காதால் அவரே கேட்க வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. அம்புஜவல்லி அம்மாளும் "எதுக்கு சார் இதெல்லாம்" என்று இழுத்தார். ராஜ்மோகன் போனில் சார்ஜ் இல்லை என்றான். என் சார்ஜரை எடுத்து நீட்டினேன். கோழைகள்.

பக்கத்து அறை அச்சு வார்க்கும் அறை. ஞாயிற்றுக்கிழமை வெறிச்சென்று இருக்கும். ஒவ்வொருவராக ராஜ்மோகனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துவிட்டு வந்தோம். பால் மில் வேறு அன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் முறை வந்தது. போனேன், சேர்த்தேன், வாசித்தேன். இளவயதில்கூட அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை என்று தோன்றியது.

பிறகு என் பெஞ்சில் கூடினோம். நான் வேலைநேரத்தில் நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டேன். ராஜ்மோகன் ஒவ்வொரு பதிவிலும் முன்னால் இருக்கிற இரைச்சலை விரலால் தள்ளிவிட்டு, கிண்ணம் ஒலிக்கிற இடத்திலிருந்து ஓடவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தான். சத்தத்தைக் கூட்டி, உருப்படியைப் பிடிக்கிற மாதிரி வலது காதோரம் பிடித்துக்கொண்டேன். மற்றவர்களுக்கும் கேட்டது.

முதல் நம்பர் செல்லோ. பேர் போடாவிட்டாலும் ஓசை சொல்லிவிடுமே. கிண்ணம் ஒலித்தது, செல்லோ அதோடு போய் ஒட்டிக்கொண்டது. மேலே ஏறியது, இறங்கியது. ஒரு இடத்திலும் ஒரு மயிரிழை விலகவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தனியாக வாசித்தால் ஒழுங்காக வாசிக்கிற மனிதர் எங்களோடு உட்கார்ந்தால் மட்டும் ஏன் குளறுகிறார்? திமிரா?

இரண்டாம் நம்பர் வயலின். துப்புரவு. சற்று விறைப்பு, ஆனால் துப்புரவு. என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நம்பரும் வயலின். கிண்ணம் ஒரு பக்கம் ஒலிக்க, வயலின் ஒரு பக்கம் போனது. கொஞ்சம் மேலேதான். ஆனால் ஏற ஏற இன்னும் மேலே விலகிக்கொண்டே போய், உச்சியில் பல் கூசியது. நான் சிரித்துவிட்டேன்.

"இது யாருன்னு சொல்ல வேணாம்" என்றேன். "வாசிச்சவங்களுக்குத் தெரியும். இவ்ளோ நாளா நான் பாவம் பாயச் சந்தேகப்பட்டேன். கீறல் இங்க இருந்திருக்குது. சும்மா கீறல் இல்ல, பொளந்துட்டுது. இத அரைச்சு மண்ணாக்கினாலும் மண்ணு கெட்டுடும். தன் காதுக்கே கேக்கலன்னா இவங்களுக்கு வயலின் ஒரு கேடா? ஆபீஸ் வேலையப் பாத்துட்டு வூட்டுல இருந்துட வேண்டியதுதானே?"

ராஜ்மோகன் தன் செருப்பைப் பார்த்தான். பாய் அம்புஜவல்லி அம்மாளைப் பார்த்தார்.

"அது என்னுதுதான் சார்" என்றார் அம்புஜவல்லி அம்மாள். "கொஞ்ச நாளாவே சரியில்ல. புதுச்சேரிக்கு நான் வரல. நீங்க வேற யாரையாச்சும் பாருங்க."

அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாவகாசமாக வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மனிதருக்குத் தன் தவறு உறைக்க வேண்டாமா? உறைக்க வைப்பதற்காகத்தான் சொன்னேன்.

"போறதுக்கு முன்னால இன்னொரு தடவ கேட்டுட்டுப் போங்கம்மா. எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டுறேன். மொதல்லேர்ந்து."

"வேணாம் சார்" என்று ராஜ்மோகன் போனைப் பிடுங்க வந்தான். நான் விடவில்லை. மூன்றாம் நம்பரை முதலிலிருந்து ஓடவிட்டேன். நாற்காலி இழுபடும் சத்தம். ஒரு செருமல். பிறகு, கிண்ணத்துக்கும் முன்னால், மரத்தின் மேல் விரல் முட்டியால் இரண்டு தட்டு.

டொக். டொக்.

கை தானாகப் போனைக் கீழே வைத்தது. அது ஓடிக்கொண்டே இருந்தது. கிண்ணம் ஒலித்தது, வயலின் விலகி ஏறியது, நாலு பேரும் கடைசிவரை கேட்டோம். நிறுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

போனை எடுத்து இடது காதில் வைத்து, வயலின் ஏறுகிற இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டேன். கச்சிதமாக இருந்தது. வலதுக்கு மாற்றினேன். பிளந்திருந்தது. திரும்பிப் பால் மில்லைப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷமாக அதே இடத்தில், என் இடது தோளுக்கு நேரே, உருண்டுகொண்டிருக்கிறது. வயலினை வைப்பதும் அந்தத் தோளில்தான். கிண்ணத்தை வலது காதால் கேட்டு, வயலினை இடது காதால் சேர்த்திருக்கிறேன். இந்த மூன்று பேரையும் நான் கேட்டுக்கொண்டிருந்ததும் அந்தக் காதால்தான்.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"ஒண்ணர வருஷம் இருக்கும்" என்றார் அம்புஜவல்லி அம்மாள். "நீங்க மேல போவும்போது ஏறிடும். நாங்களும் கூடவே கொஞ்சம் ஏறிக்குவோம். பாய்தான் மொதல்ல கண்டுபிடிச்சாரு."

ஒன்றரை வருஷம். நான் கிண்ணத்தைத் தட்டி முடித்ததும் பாய் ஏன் கிண்ணத்தையும் என் வயலினையும் மாறி மாறிப் பார்த்தார், ஏன் நடுநடுவே முறுக்காணியைத் திருகினார் என்று எல்லாம் விளங்கியது. சுத்தமாகச் சேர்ந்திருந்த செல்லோவை வாரா வாரம் கெடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"பரிதாபமா பாய்? கெழவன் ஆசப்படுறான், வாசிச்சுட்டுப் போவட்டும்னு மூணு பேரும் நாடகம் ஆடுனீங்களா? மொகத்துக்கு நேரா சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க வுட்டுட்டுப் போயிடுவீங்கண்ணே" என்றார் பாய். "ஒங்க சங்கதி எங்களுக்குத் தெரியாதா. நீங்க போயிட்டா அப்புறம் ஞாயித்துக்கெழம ஏது? நான் கடையில ஒக்காந்து செருப்பத்தான் எண்ணணும்."

"நான் ஒங்களத் தூக்கிட்டு வேற ஆளப் போடப் பாத்தேன் பாய்."

"தெரியும்ண்ணே. பாரி போன வாரம் எனக்குப் போன் பண்ணாரு. ஒங்க எடத்துக்கு என்னியக் கூப்புடுறாங்களே, ஒங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியான்னு கேட்டாரு. இந்தப் பக்கம் செல்லோ வாசிக்கிறது நாங்க ரெண்டு பேருதான, அவுரு எனக்குப் பழக்கம். எனக்கு முதுகு வலி, நீங்களே வாங்கன்னு சொல்லிட்டேன்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாக என்னென்ன சொல்லியிருப்பேன் அந்த மனிதரை. டிரைவர் கை என்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். போன வாரம் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டே இன்றைக்கு வந்து, நான் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காகத் தானே விலகிக்கொள்கிறேன் என்றாரே. இப்படி ஒரு மனிதரை எனக்கு முதலிலேயே பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. பக்கத்தில் நின்றால் நாம் குள்ளமாகத் தெரிகிற ஆள்.

சிவப்பு மை பாட்டில் பெஞ்சின் மேல் இருந்தது. விதி நான் போட்டது. எது கீறலோ அவங்க வரல, நான்னாலும் சரிதான் என்று வாய் கிழியச் சொன்னவன் நான். வயலினை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"மூணு பேரும் வேற ஆளு பாருங்க. நான் வரல."

"வேற ஆளு யாரு சார் இந்த ஷெட்டுக்கு வருவாங்க?" என்று கேட்டார் அம்புஜவல்லி அம்மாள். அப்படி அதட்டி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கவுன்ட்டரில் அப்படித்தான் பேசுவார் போலிருக்கிறது. "வலது காது நல்லாத்தான இருக்குது? அத எங்க பக்கம் வச்சுக்கிட்டு ஒக்காருங்க."

ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. வலது கோடியில் இருந்த என் நாற்காலியைப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் இருந்த அவருடைய நாற்காலியைப் பார்த்தேன். இரண்டாவது வயலினின் இடத்தில் உட்கார்ந்தால் முதல் வயலின் வலது காதில் விழும். நெய்வேலியில்கூட நான் இரண்டாவது வாசித்ததில்லை. கல்யாண வீட்டில் இரண்டாவது பந்தியில் உட்காரச் சொன்னால் சாப்பிடாமல் வந்துவிடுகிற ஜாதி நான்.

யாரும் வற்புறுத்தவில்லை. ராஜ்மோகன் போனில் எதையோ தேடுகிற மாதிரி நடித்தான். அவன் நடிப்பும் அவன் வயோலா மாதிரியேதான் இருந்தது. பாய் செல்லோவின் முறுக்காணியில் கை வைத்திருந்தார், திருகவில்லை. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அதை அதன் இடத்திலேயே விட்டுவைக்கிறார் என்று தெரிந்தது.

கிண்ணத்தையும் குச்சியையும் அம்புஜவல்லி அம்மாளின் கையில் கொடுத்தேன். அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கம்பெனியின் எல்லா நாற்காலிகளும் ஒன்றுதான், ஆனாலும் அது ஆடியது.

அவர் கிண்ணத்தைத் தட்டினார். முத்திரை குத்துகிற மாதிரியேதான் தட்டினார். அதைத் திருத்த நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். அவர் வயலினைச் சேர்த்தார், ராஜ்மோகன் சேர்த்தான், பாய் ஒரே திருகலில் சேர்த்துவிட்டு நிமிர்ந்தார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தந்தியை இழுத்தேன். எனக்குச் சரியாகத்தான் கேட்டது. எனக்கு எப்போதும் சரியாகத்தானே கேட்கிறது.

"சரியா இருக்குதா பாய்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். பொய் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இல்லண்ணே" என்றார். "இன்னும் கொஞ்சம் எறக்குங்க."

இறக்கினேன்.